இடது ஆணி

1

இந்தக் கதை ஒரு கோட்டின் தோளிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய விஷயத்தைத் தேடிப் புறப்பட்டவன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும்.

கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். முதல் ட்ரையலுக்குப் போன அன்று தையல்காரி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெகுநேரம் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பேசாமல் இருப்பது வேறு விஷயம்.

"உங்க வலது தோள் அரை இஞ்ச் இறக்கம் சார். தெரியுமா?"

"தெரியாதே."

"பை மாட்டுற தோள். இத்தனை வருஷத்துல யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வருடம் என்னோடு இருந்த ஒரு சரிவை டேப்பும் கையுமாக நின்ற ஒருத்தி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். சில மாதம் கழித்து, அந்தத் தோளை அவள் ஒரு பெரிய துணியில் தைத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பார்க்கத்தான் ஒரு புதன்கிழமை போனேன். என்னை நானே பார்க்கப் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன அன்று அது அங்கே இல்லை.

2

தொடக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்தவை:

"ஊசியின் காதில் நுழையாத நூலைப்போல அவள் வாழ்க்கை—"

[நிறுத்தினேன். நூல் நுழையாவிட்டால் அவள் முனையைக் கடித்துவிட்டு மறுபடி நுழைப்பாள். வாழ்க்கையை எல்லாம் யோசிக்க மாட்டாள்.]

"மழை விட்டிருந்த ஒரு மாலையில், அந்த மாடி அறையின் ஜன்னலோரம்—"

[மழையே இல்லை. எனக்கு ஏனோ கதை என்றால் மழை விட்டிருக்க வேண்டும்.]

"அந்த அறையின் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன."

இது நிற்கும். இதிலிருந்து தொடங்கலாம்.

3

அந்த அறையின் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன.

வலது ஆணியில் தொங்குவது இன்னும் தையல்காரியின் வேலை. யாரும் தொடக் கூடாது. இடது ஆணிக்கு மாறிவிட்டால் அவள் வேலை முடிந்தது, இனி அக்காவின் வேலை. அக்கா அவளுக்குக் கூடப் பிறந்தவள், ஏழு வயது மூத்தவள். பட்டன் ஓட்டைக்குக் காஜா போடுவாள், பட்டன் தைப்பாள், ஓரம் மடிப்பாள். கடைசியாகக் கச்சாத் தையலைப் பிரிப்பாள். கச்சாத் தையல் என்பது துணி நகராமல் இருக்க வெள்ளை நூலால் கையால் போடும் பெரிய பெரிய தையல். ட்ரையல் பார்ப்பதற்கு அதுதான் துணியைப் பிடித்து வைத்திருக்கும். மெஷின் ஓடியபின் அதற்கு வேலை இல்லை. பிரித்துவிட்டு அயர்ன் பண்ணினால் ஊசி போன ஓட்டைகூட மூடிக்கொள்ளும். பிரிக்காமல் கொடுத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அக்கா கையில் போன துணியில் ஒரு இழை வெள்ளை நூல் மிஞ்சியதாக யாரும் சொன்னதில்லை.

ஆறு வருடமாக இருவரும் இதைப் பற்றிப் பேசியதே கிடையாது. ஆணி பேசிக்கொள்ளும்.

அதற்கு முன் தையல்காரி ஒரு பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாள். பத்து வருடம். காலர் மட்டும். ஒரு நாளைக்கு நானூறு காலர். சட்டையின் மற்ற பாகங்கள் எந்த வரிசையில் தயாராகின்றன என்றுகூட அவளுக்குத் தெரியாது. அங்கே அவளுக்குப் பெயரே 'காலர்' என்றாகிவிட்டது. அக்கா இன்னும் சண்டை வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஏய் காலர், சாப்பிட வரியா, இல்ல அந்த நோட்டையே பார்த்துட்டு இருக்கப் போறியா?"

அந்த நோட்டு அளவு நோட்டு. வேலையை விட்டுத் தனியாக வந்த பிறகு அவளுக்கு முதல்முறையாக முழு மனிதர்கள் கிடைத்தார்கள். ஒருவருக்கும் இரண்டு தோள் ஒரே மட்டத்தில் இல்லை. பல் டாக்டருக்கு இடுப்பு வலப்பக்கம் திரும்பியிருந்தது. தபால்காரருக்கு முதுகில் ஒரு கூனல், பள்ளிக்கூட டீச்சருக்குக் கரும்பலகைக் கை சற்று நீளம். இதையெல்லாம் எண்ணாக எழுதி வைத்துக்கொண்டே வந்தவள், ஒரு நாள் ஒன்பதடிக் கருநீலக் கோட்டுத் துணி ஒன்றை விரித்து, அன்று ட்ரையல் முடிந்து போன ஆளின் உடம்பை வெள்ளைக் கச்சா நூலால் அப்படியே ஓட்டினாள். அதே அளவு, அதே இறக்கம். இடுப்பிலிருந்து கழுத்து வரை. காலர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"முகம் வேண்டாமா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"மேல காலர் வரும். அதைப் பத்து வருஷம் பார்த்தாச்சு" என்றாளாம்.

இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். பஸ்ஸுக்கு நிற்பதுபோல ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர். பன்னிரண்டாவது ஆள் நான்.*

* இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தன் படம் இருக்கும் இடத்தைப் பற்றி எழுதுகிறவன் பொய் சொல்ல வாய்ப்பு அதிகம். நீங்கள் கவனமாக இருங்கள்.

4

ஊர்க் காட்சிக்கூடத்தில் ஒரு சுவருக்காக அவள் மூன்று வருடம் விண்ணப்பித்தாள். முதல் வருடமும் இரண்டாம் வருடமும் கிடைத்த பதில் ஒன்றுதான்: கைவேலைக்கு வாசலருகே மேசை தருகிறோம், சுவர் ஓவியங்களுக்கு. மேசை வேண்டாம் என்று இரண்டு தடவையும் எழுதிக் கொடுத்தாள். மேசையில் வைத்தால் எடுத்துப் பார்ப்பார்கள், மடித்து வைப்பார்கள், 'இதுல பை தைப்பீங்களா' என்று கேட்பார்கள். சுவரில் இருந்தால் எதிரே நிற்க வேண்டும். அவள் அத்தனை பேர் எதிரே நின்று பார்த்தவள். தன் வேலையின் எதிரே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை.

மூன்றாம் வருடம் பொறுப்பாளர் மாறினார். புகைப்படம் கேட்டார். பார்த்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார்.

செவ்வாய் மதியம் இருபத்திரண்டாவது ஆளின் கடைசித் தையலைப் போட்டுவிட்டு, துணியை உதறி, தூர நின்று பார்த்துவிட்டு, மாட்டினாள்.

இடது ஆணியில்.

5

இங்கே அக்காவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது. முதல் பிரதியில் அவளைப் பொறாமைக்காரியாக எழுதியிருந்தேன். "தங்கையின் புகழ் அக்காவின் நெஞ்சில் முள்ளாய்—" என்று ஒரு வாக்கியம் இருந்தது. வசதியான வாக்கியம். ஒரு அக்காவைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை தானாக நடக்கும்.

ஆனால் நான் அவளை அந்தப் புதன்கிழமை பார்த்தேன். கையில் அயர்ன் பெட்டியோடு நின்றாள். முகத்தில் ஒரு வேலையை நன்றாகச் செய்தவளின் நிம்மதி இருந்தது. அதை முள்ளாக்க என்னால் முடியவில்லை.

6

புதன்கிழமை நானும் தையல்காரியும் படியில் சந்தித்தோம். அவள் காலையிலேயே பட்டன் வாங்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், உங்களைப் பார்க்க வந்தீங்களா?" என்று சிரித்தாள்.

கதவைத் திறந்தாள். பெரிய மேசையில் கருநீலத் துணி விரிந்திருந்தது. துணி மட்டும். பக்கத்தில் ஒரு வெள்ளை நூலுருண்டை, எலுமிச்சம்பழம் அளவு. துணியின் இடப்பக்கம் வழவழவென்று, புதிதாகத் தறியிலிருந்து இறங்கியதுபோல. நடுவுக்கு வலப்பக்கம் இன்னும் அயர்ன் போகவில்லை. அங்கே வரிசை வரிசையாக ஊசி ஓட்டைகள்.

அக்கா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வந்துட்டியா? அயர்ன் இன்னும் பாதிதான் பாக்கி. என்னடி இது, இவ்வளவு கச்சா போட்டிருக்க? காலைலேர்ந்து பிரிக்கிறேன். ஒரு இழை விடல."

தையல்காரி பட்டன் பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைத்தாள்.

நான் மௌனங்களை ஓரளவு அறிந்தவன். அந்த மௌனத்தை எழுத மூன்று பத்தி எழுதிப் பார்த்தேன். மூன்றையும் எடுத்துவிட்டேன். அவள் பேசாமல் நின்றாள், அவ்வளவுதான்.

பிறகு அக்காவுக்கு மெல்ல விளங்கியது. விளங்குவது முகத்தில் தெரிந்தது.

"இது… அந்தத் துணியா?"

"ம்."

"முதல் ஆளைப் பார்த்ததோட சரி, அப்புறம் நீ மடிச்சே வச்சிருந்த, நான் முழுசா விரிச்சுப் பார்த்ததே இல்லையேடி. பிரிக்கும்போதே நினைச்சேன். இது யாரோ மாதிரி இருக்கேன்னு. இந்த இடுப்பு பல் டாக்டர் இடுப்பு மாதிரி இருக்கேன்னு."

"அப்புறம் ஏன்கா பிரிச்ச?"

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"இடது ஆணில மாட்டியிருந்தியேடி."

தையல்காரியும் சுவரைப் பார்த்தாள். முடிந்த வேலையை எங்கே மாட்டுவது என்று ஆறு வருடமாக அவள் கைக்குத் தெரியும். முடித்த சந்தோஷத்தில் கை தன் வேலையைச் செய்துவிட்டது. யாரைத் திட்டுவது?

"சார், நீங்க அப்புறம் வாங்க" என்றாள்.

7

(இந்த இடத்தில் நான் பத்து நாள் எதுவும் எழுதவில்லை.)

8

ஒரு கதாசிரியனுக்கு இந்த நெருக்கடி பெரிய விருந்து. மூன்று முடிவுகள் வரிசையாக வந்து நின்றன.

ஒன்று: துணியை ஜன்னலில் தொங்கவிடுகிறாள். ஓட்டைகள் வழியாக வெயில் நுழைகிறது. பிரிக்கப்பட்ட மனிதர்கள் ஒளிப் புள்ளிகளாக எழுந்து நிற்கிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

பின்னாளில் இதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"வெளிச்சமா? கோட்டுத் துணி சார் இது, கொசுவலையா?" என்றாள். "நானும் வியாழக்கிழமை காலைல பிடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வரல. இருட்டாதான் இருந்துச்சு."

முடிவு ஒன்று போயிற்று.

இரண்டு: அளவு நோட்டைத் திறந்து இரண்டு நாளில் எல்லாரையும் மறுபடி தைத்துவிடுகிறாள். மன உறுதி வெல்கிறது. இதையும் அவள் செய்து பார்த்திருக்கிறாள். தபால்காரர், டீச்சர், இன்னொருவர் என்று மூன்று பேரை அயர்ன் பண்ணிய பக்கத்தில் தைத்தாள். முன்பைவிட நேர்த்தியாக வந்தது. எண்ணெல்லாம் சரி. தூர நின்று பார்த்தாள். ஆளைக் காணோம்.

"அப்போ ஒவ்வொருத்தரும் ட்ரையல் முடிச்சுப் போன சூட்டோட தைச்சது சார். இப்போ நோட்டைப் பார்த்துத் தைச்சா, நோட்டுதான் வருது."

மூன்று பேரையும் அவளே பிரித்தாள். அயர்ன் பண்ணினாள்.

மூன்று: காட்சிக்கூடத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. தோல்வி என்றால் எனக்கு நன்றாக எழுத வரும். போன் செய்யவும் செய்தாள். ஆனால் பேச்சு இப்படிப் போனதாம்:

"படத்துல பார்த்த மாதிரி இல்லைன்னா கஷ்டம்மா. ஒண்ணு பண்ணுங்க, வேற ஏதாவது சின்னதா கொண்டுவாங்க. வாசல்ல மேசை காலியாதான் இருக்கு."

"மேசை வேண்டாம் சார்."

"அப்போ?"

"நாலு மணிக்கு வரேன். அந்தச் சுவரை யாருக்கும் குடுத்துடாதீங்க."

எதைக் கொண்டு போவது என்று அப்போது அவளுக்கே தெரியாது. போவது மட்டும் தெரியும்.

9

வியாழன் மதியம் வரை அக்கா அந்த மேசைப் பக்கமே வரவில்லை. மூலையில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்தாள். ஒரே பட்டனை மூன்று தடவை தைத்தாள் என்று தையல்காரி சொன்னாள்.

பிறகு எழுந்து வந்து, நூலுருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய்."

"என்ன?"

"பிரிச்சது நான். எங்கேர்ந்து எங்க போச்சுன்னு கைக்குத் தெரியும்."

"கைக்கா?"

"நூலை இழுக்கும்போது தெரியும்டி. எங்க வளையுது, எங்க இறங்குதுன்னு. கண்ணால பிரிக்கிறேன்னு நினைச்சியா நீ? பாதி நேரம் ரேடியோவ இல்ல கேட்டுட்டு இருப்பேன்."

தையல்காரி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இது இரண்டு வருட வேலை. இதற்காகத்தான் மூன்று தடவை விண்ணப்பம். சுவர் கிடைத்தது அவளுக்கு, அக்காவுக்கு அல்ல. அக்கா வாழ்நாளில் துணியில் ஒரு கோடு இழுத்தவளில்லை. போட்டதை எடுப்பவள், மற்றவர் தைத்ததை முடிப்பவள். அவள் கை இந்தத் துணியில் பட்டால் பிறகு இது யாருடையது?

இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. அந்த நேரம் அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள் என்பதை மட்டும் அக்கா சொன்னாள். "குக்கர் ரெண்டு விசில் அடிச்சுது தம்பி." மற்றதை நான் நிரப்பினேன்.

இரண்டாவது விசிலுக்குப் பிறகு தையல்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

"அயர்ன் பண்ணின பக்கம் மட்டும். ஓட்டை இருக்கிற பக்கம் தொடாத."

"அது ஏன்?"

"அங்க நான் போட்டது இன்னும் இருக்கு."

அக்கா அதே பழைய நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். முதல் தையலைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் இடது கைக்காரி. தையல் தங்கையுடையதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சின்னச் சின்னதாக, பயந்து பயந்து போயிற்று. தோள் ஒரு இஞ்ச் தள்ளி விழுந்தது. கோடு ஓரிடத்தில் நின்று, யோசித்து, திரும்பி வந்தது. தங்கைக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள்.

"இந்தா, பாரு" என்று அக்கா கூப்பிட்டபோதுதான் திரும்பினாள்.

பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். அளவு தப்பு. இடுப்பு ஒன்றரை இஞ்ச் கூடுதல். ஆனால் யாருடைய வாயையோ குனிந்து பார்ப்பதற்காகத் திரும்பிய அந்தத் திரும்பல் அப்படியே இருந்தது.

"பல்லைப் பிடுங்கிடுவாரோன்னு இருக்கு" என்றாள் தங்கை.

"நல்லா இருக்கா, இல்லையா, அதைச் சொல்லு."

"என் தையல் இல்ல."

"அது தெரியும்."

"அடுத்த ஆளைப் போடு."

10

வெள்ளி மதியம் நான் போனபோது பதினொரு பேர் எழுந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும், "நல்லவேளை வந்தீங்க தம்பி, திரும்பி நில்லுங்க" என்றாள்.

"ஏன்?"

"எல்லாரும் கைக்கு ஞாபகம் வந்துட்டாங்க. உங்களைத்தான் காணோம். உங்களைப் பிரிக்கும்போது ரேடியோல நல்ல பாட்டு போட்டிருந்தான்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பாட்டைவிட நான் ஞாபகத்துக்குக் குறைந்தவன் என்பதை அதற்காகப் பொறுத்துக்கொண்டேன். திரும்பி நின்றேன். அக்கா டேப் எடுக்கவில்லை. உள்ளங்கையை என் இடது தோளில் வைத்தாள், எடுத்தாள், துணியில் வைத்தாள்.

அயர்ன் பெட்டி புதன்கிழமை என் உடம்பின் நடுவில் நின்றிருக்கிறது. அதனால் இடது தோள் மட்டும்தான் மூடிப்போயிருந்தது. வலது தோள், அந்த இறங்கிய தோள், இன்னும் ஓட்டைகளாக அங்கேயே இருந்தது, தையல்காரி போட்டபடியே. அக்காவின் வெள்ளைக் கோடு இடது தோளில் ஏறி, கழுத்து வரை வந்து, காலர் தொடங்கும் இடத்தில் நின்றது. அதற்கு அப்பால் அவள் போகக் கூடாது.

மணி மூன்றேகால். அக்கா ஊசியை அங்கேயே குத்தி நிறுத்தினாள். "முடிச்சு போட்டு வெட்டட்டுமா, விடட்டுமா?"

"சுருட்டு. நேரமாச்சு" என்றாள் தையல்காரி.

[இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் நீளமாக ஒரு பத்தி யோசிப்பான். ஒன்பதடித் துணியை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்துக் குறுகலான படியில் இறக்கும்போது, பின்னால் போகிறவனுக்கு யோசிக்க நேரமில்லை. "சுவர் சுவர்", "மெதுவா", "நீ மெதுவா", இவ்வளவுதான் காதில் விழும்.]

11

காட்சிக்கூடத்தில் ஒரு நீளமான வெள்ளைச் சுவர். பக்கத்துச் சுவர்களில் சட்டம் போட்ட ஓவியங்கள். பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு துணியைப் பார்த்தார். இடப்பக்கம் பன்னிரண்டு பேர், கடைசி ஆள் பாதி. வலப்பக்கம் வெறும் கருநீலம், கிட்டப் போனால் ஓட்டைகள். புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது அது இல்லையேம்மா."

"இல்ல சார்."

"பாதி ஓட்டையா இருக்கு. முடிஞ்ச வேலையைத்தான் சுவர்ல மாட்ட விதி. முடியாததுன்னா மேசைதான்." படிவத்தை நீட்டினார். "நான் எதுவும் சொல்லல. நீங்களே குறிச்சுக் குடுங்க. முடிஞ்சுதா, முடியலையா?"

சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. கதைக்காக நான் வைத்தவையல்ல, அவ்வளவு அகலத் துணிக்கு இரண்டு வேண்டும். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டூலில் ஏறித் தன் முனையை மாட்டினாள். இடது ஆணியில்.

மாட்டிவிட்டு அதைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நான் வேணா இறங்கி…"

"இரு" என்றாள் தையல்காரி.

வலது முனை அவள் கையில் இருந்தது. "சார், இது நான் கொண்டுவரேன்னு சொன்ன வேலை இல்ல" என்றாள் பொறுப்பாளரிடம். குரல் உயரவில்லை. "முழுசா என் வேலையும் இல்ல. ஆனா என் சுவர்."

ஸ்டூலில் ஏறினாள். வலது ஆணியில் மாட்டினாள். இறங்கித் தூரப் போய் நின்று பார்த்தாள். அக்காவும் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போதுதான் நடுவில், என் கழுத்தில், ஊசி தொங்குவது அக்காவின் கண்ணில் பட்டது. ஒரு சாண் நூலோடு. ஆறு வருடமாக நூல் பிரித்த கை அது. மிஞ்சிய நூலைக் கண்டால் தானாகப் போகும். போயிற்று.

"அக்கா. அதை விடு."

கை நின்றது.

12

இதற்குப் பிறகு அவள் படிவத்தில் குறித்தாள். என்ன குறித்தாள் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதவும் செய்தேன், இரண்டு விதமாக. ஒன்றில் நான் அவளுக்காகப் பெருமைப்படுவது தெரிந்தது; இன்னொன்றில் எனக்காக. இரண்டையும் பிரித்துவிட்டேன்.

துணி தொங்குகிறது. இடது முனை இடது ஆணியில், வலது முனை வலது ஆணியில், நடுவில் ஊசி. நீங்கள் எதிரே நில்லுங்கள். அவசரம் வேண்டாம், அங்கே யாரும் பேசமாட்டார்கள். பார்த்த பிறகு குறியுங்கள்.

☐ முடிந்தது
☐ முடியவில்லை